ஜில்லென்று இருந்த இரண்டு கால்கள்

குதிரையைத் தேய்ப்பது, தீனி கலப்பது, சாணம் அள்ளுவது, சேணம் பூட்டுவது எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. லாயத்தில் ஒரு மாதம் இருந்தால் அதெல்லாம் உங்கள் கைக்கே வந்துவிடும். வராவிட்டால் குதிரை உதைத்து வரவழைத்துவிடும். முப்பத்தொரு வருஷம் நான் சைஸாக, அதாவது குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆளாக, இருந்தேன். அத்தனை வருஷத்தில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, செம்பி என்ற பெண்குதிரையின் முன்னங்கால் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த ஒரு அரை மணி நேரத்தைத்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஊர் அரூர் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனேன். பெங்களூரில் ஒரு லாயத்தில் வைக்கோல் இறக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். அப்புறம் மைசூர், ஹைதராபாத், புனே, கோடைக்கு ஊட்டி. எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. ஒரு நாள் எழுந்ததும் இந்த இடம் போதும் என்று தோன்றும், பையை எடுத்துக்கொள்வேன். ரேஷன் கார்டு கிடையாது. கடிதம் வந்தால் லாயத்து விலாசத்துக்கு வரும், அதற்குள் நான் வேறு லாயத்தில் இருப்பேன். அம்மா இறந்த செய்தி அப்படித்தான் பதினெட்டு நாள் கழித்து வந்தது.

ஹைதராபாத்தில் இருந்தபோது ஒரு குதிரை என் வலது பாதத்தின் மேல் ஏறி நின்றது. லாடத்துக்கு அடியில் என் இரண்டு விரல்கள். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அது மிரண்டு, பின்னால் குனிந்து குளம்பு சீவிக்கொண்டிருந்தவரின் தலையில் உதைத்திருக்கும். தோளால் மெல்ல அதைச் சாய்த்து, காலை உருவிக்கொண்டு, வெளியே போய் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். அன்றைக்கு லாயமே என்னைப் பாராட்டியது. வாயை மூடிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் பெரிய குணம் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தக் குணத்தைத்தான் பிற்பாடு தப்பான இடத்தில் காட்டினேன்.

கடைசியாக நான் வேலை பார்த்தது பாரிவாக்கத்தில். குதிரை நிற்கிற அறைகள் பதினொன்று, பாக்ஸ் என்போம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் ஒரு மணல் டிராக். சுற்றிலும் புதிது புதிதாக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. பந்தயத்தில் ஓடிக் கால் கெட்டுப்போன குதிரைகளை அங்கே ஓய்வுக்கு அனுப்புவார்கள். ஆறேழு மாதம் வைத்திருந்து தேற்றி, டாக்டர் வந்து பார்த்து, சரியென்றால் பந்தயத்துக்குத் திரும்பப் போகும், அந்த இடத்துக்கு அடுத்த குதிரை வரும். சரியில்லை என்றால் விற்றுவிடுவார்கள், பாக்ஸ் காலியாகக் கிடக்கும். வாங்குகிறவர்கள் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள்தான்.

எங்களுக்கு மேலே ஒரு ஜமேதார் இருந்தார். பூந்தமல்லிக்காரர். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் கால் பார்க்க வருவார். நாங்கள் அவரவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் குனிந்து, புறங்கையை முழங்காலிலிருந்து கீழே குளம்பு வரை ஓட்டுவார். முதலில் ஒரு கால், உடனே அடுத்த கால். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் உள்ளே நரம்பு வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நொண்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சூடு வந்துவிடும். சைஸுக்கு அது ஜமேதாருக்கு முன்னால் தெரியும். தெரியாவிட்டால் அவன் சைஸ் இல்லை.

என் பக்கத்துப் பாக்ஸ் ஹுசேன் பாயுடையது. ஹைதராபாத்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவரிடம் பாதுஷா என்று ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. இடது காதின் நுனி கிழிந்திருக்கும், குட்டியாக இருந்தபோது முள்வேலியில் மாட்டிக்கொண்டதாம். பந்தயத்துக்குத் திரும்புவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு காலை, ஜமேதார் பாதுஷாவின் காலைத் தடவிவிட்டு, சரி என்று தலையாட்டி நகர்ந்துவிட்டார். பாய் கூப்பிட்டார்.

"ஜமேதார் சாப், வலது கால்ல சூடு இருக்கு. நேத்து இல்ல. இன்னிக்கு இருக்கு."

"நான் பாத்தனே, ஒண்ணியும் இல்லியே."

"உங்க கைக்கு நாளைக்குத் தெரியும். எனக்கு இன்னிக்கே தெரியுது."

மறுநாள் தெரிந்தது. டாக்டர் வந்தார், படம் எடுத்தார், இனி ஓடக்கூடாது என்றார். ஒரே வாரத்தில் ஆவடிப் பக்கத்திலிருந்து ஒருவர் மினி லாரியோடு வந்து பாதுஷாவை ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தோம்.

"என்ன பாய், குதிரையைக் கல்யாணத்துக்கு அனுப்பிட்டீங்க. மொய் எவ்ளோ எழுதினீங்க?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாய் கழுத்துக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "சிரிங்க. ஏறி உக்காந்தவன் கழுத்து முழுசா இருக்குல்ல?"

பாதுஷா போனதும் பாயிடம் இரண்டு குதிரைகள்தான் மிச்சம். இரண்டு குதிரைக்கு ஒரு ஆள் தேவையில்லை என்று அவற்றை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது, கிண்டல் செய்த என்னிடமே அவருடைய தேய்ப்பு பிரஷைக் கொடுத்தார்.

இனி செம்பி. பந்தயப் புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. செம்பு நிறம் என்பதால் நான் செம்பி என்றேன். கறுப்பு வாளியில் வைத்தால்தான் தண்ணீர் குடிக்கும். நீல வாளி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெல்லம் இருக்கிறதா என்று என் சட்டைப் பையை மோந்து மோந்து பொத்தானைப் பிய்த்துவிடும். ஆறு மாதத்தில் என்னிடம் முழுப் பொத்தான்கள் உள்ள சட்டை ஒன்றுகூட இல்லை.

செம்பிக்குச் சத்தம் ஆகாது. எங்கோ பறை அடித்தாலே தொடை நடுங்கும். தீபாவளியன்று காதில் பஞ்சு வைத்து, தலையை என் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். சாயங்காலம் அதன் உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல்யாண ஊர்வலத்துக்குப் போனால் அதற்குத் தினமும் தீபாவளி. பேண்டு வாத்தியம், சரவெடி, ஜெனரேட்டர் லைட், முதுகில் ஒரு மாப்பிள்ளை.

பங்குனி மாதம். வெள்ளிக்கிழமை டாக்டரும் டிரெய்னரும் வந்து செம்பியை ஓடவிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. சரியாக இருந்தால் திங்கட்கிழமை லாரி. புதன்கிழமை சாயங்காலம் கட்டுத்துணியை அவிழ்த்துத் தடவியபோது இடது முன்னங்காலில் சூடு இருந்தது. பெரிய சூடு இல்லை. டீ குடித்து முடித்த கிளாஸைத் தொட்டால் இருக்குமே, அவ்வளவுதான்.

ஏரிக்கரைக் களிமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டேன். வியாழக்கிழமை காலை பற்றைக் கழுவிவிட்டுக் காட்டினேன், ஜமேதார் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு எழுந்து பார்த்தால் சூடு திரும்பி வந்திருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கூட. அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முந்தின நாளே பூந்தமல்லி மார்க்கெட்டில் மீன்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன்.

கவனமாகக் கேளுங்கள். சூடான காலுக்கு மட்டும் நான் ஐஸ் வைக்கவில்லை. ஒரு கால் குளிர்ந்து ஒரு கால் சாதாரணமாக இருந்தால் ஜமேதாரின் கை கண்டுபிடித்துவிடும். அதனால் நல்ல காலுக்கும் வைத்தேன். இரண்டு காலுக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தக் கையில் ஒரு கட்டி, அந்தக் கையில் ஒரு கட்டி. செம்பி என் தலைமயிரை மோந்துகொண்டே அசையாமல் நின்றது. விரல்கள் மரத்துப்போயின. அரை மணி நேரம். பிறகு துண்டால் துடைத்தேன். எத்தனை துடைத்தாலும் குதிரையின் கால் முடி உடனே காயாது. தொழில் தெரியாத ஒருவனால் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. முப்பது வருஷம் கற்றுக்கொண்டதையெல்லாம் போட்டுச் செய்தேன்.

ஆறு மணிக்கு ஜமேதார் வந்தார். குனிந்தார். இடது கால். வலது கால். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா நைனா, ரெண்டு காலும் சொல்லி வெச்சா மாதிரி ஜில்லுனு கீது?"

"காத்து குளிரா இருந்துச்சுண்ணா."

"குளிரா? பங்குனில, பாரிவாக்கத்துல?" என்று சிரித்தார். பிறகு புறங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த பாக்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஏறி ஓட்டவேண்டியவன் டேவிட். நூம்பல்காரன், முப்பது வயது, எந்தக் குதிரை மேலும் சிரித்துக்கொண்டே ஏறுவான். அன்றைக்கு ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து செம்பியின் பாக்ஸ் கொக்கியில் மாட்டினான்.

"அண்ணாத்தே, நேத்து எங்க ஊட்ல பிரியாணி. ஒனுக்கும் சேத்து எடுத்தாந்துகீறேன். ஒரு ரவுண்டு உட்டுட்டு வந்து துன்னலாம்."

"கறி இருக்கா, எலும்பு மட்டும் போட்டு வெச்சிருக்கியா?"

"போன தபா ஈரலை யாரு தூக்குனது? பேசாத நீ."

சேணத்தின் வாரை இழுத்துக் கட்டினேன். அவன் இடது காலை மடக்கி என் கையில் வைத்தான், தூக்கிவிடுவதற்கு. அப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கால் ஓகேதான? ஏறட்டா?"

டாக்டரும் டிரெய்னரும் பத்தடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொல்லக்கூட வேண்டாம், தலையை அசைத்திருந்தால் போதும். டேவிட்டுக்குப் புரிந்திருக்கும். வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லி ஏறாமல் விட்டிருப்பான். அவனுடைய பாதம் என் உள்ளங்கையில் இருந்தது.

"ஓகேடா. ஏறு," என்றேன்.

முதல் சுற்று நன்றாக ஓடியது. ஐஸ் வைத்த கால் வலிக்காது, அதுதான் அதிலிருக்கிற கேடு. வலித்திருந்தால் செம்பியே வேகத்தைக் குறைத்திருக்கும். இரண்டாம் சுற்றில் டிரெய்னர் கையைத் தூக்கி, இன்னும் வேகம் என்று காட்டினார். வளைவில் திரும்பும்போது பாக்கு வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூன்று காலில் நாலைந்து எட்டு வைத்தது. பிறகு முன்பக்கமாகச் சரிந்தது. டேவிட் கம்பித் தடுப்பின் மேல் போய் விழுந்தான்.

நான் ஓடினேன். டேவிட்டைத் தாண்டிக் குதிரையிடம் ஓடினேன். அவனிடம் ஓடியது ஜமேதார்.

செம்பி எழுந்து நின்றுவிட்டது. இடது கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தரையில் ஊன்றப் பார்க்கும், முடியாது, திரும்ப ஊன்றப் பார்க்கும். தலையைப் பிடித்து என் மார்போடு சேர்த்துக்கொண்டேன். அடுக்குமாடியின் பால்கனிகளிலிருந்து ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா, "யாராச்சும் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்து இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. கால் முறிந்த குதிரையை வைத்திருக்க முடியாது, பையைத் திறந்தார். ஊசி ஏறும்போது செம்பி என் சட்டைப் பையைத்தான் மோந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் வெல்லம் எடுத்துவர மறந்திருந்தேன்.

மத்தியானம் தார்ப்பாய் போட்டு லாரியில் ஏற்றினார்கள். பிரியாணி டப்பா அந்தக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காலியான பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜமேதார் வந்து வாசலில் சாய்ந்து நின்றார்.

"டேவிட்டுக்குத் தோள் எலும்பு நொறுங்கிப் போச்சு. உசுருக்கு ஒண்ணியும் இல்ல." தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எனுக்குத் தெரியும் நைனா. என் கை இன்னா மரத்தா பூட்ச்சு? ஈரம் ஒட்டிச்சே."

"தெரிஞ்சும் ஏண்ணா விட்டீங்க?"

"சொன்னா குதிரைய வித்துருவாங்க. அத்தோட ஒன்னியும் அனுப்பிருவாங்க. பாய அனுப்சதே எனுக்கு இன்னும் மன்சு ஆறல. டாக்டர் கண்டுபுட்ச்சிருவார்னு நெனச்சேன். நீயே சொல்லிடுவேன்னும் நெனச்சேன்."

"டேவிட் என்னைத்தான் கேட்டான்."

"ஆமா. ஒன்னதான் கேட்டான்," என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பழைய காயம், டிராக் மணல் கெட்டி, நேரம் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டேவிட்டே எனக்கு ஆறுதல் சொன்னான். "அழுவாத அண்ணாத்தே. நீ அத்த எப்டி பாத்துகினேன்னு எனுக்குத் தெரியாதா?" என்றான். கழுவி எடுத்துப்போயிருந்த டப்பாவை அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுடைய வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் எழும்பாது. வேலப்பன்சாவடியில் ஒரு டீக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். நான் போனால் காசு வாங்கமாட்டான். அதனால் போவதில்லை. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இதை நீங்கள் படிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செம்பியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று சில வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. செம்பி விற்றுப்போனால் என்னிடமும் இரண்டு குதிரைகள்தான் மிச்சம் இருக்கும். எந்த இடத்தையும் யோசிக்காமல் விட்டுவிட்டு வந்தவன், ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகப் போக இடம் தெரியாமல் பயந்தேன். அந்தப் பயத்துக்குக் குதிரையின் பெயரை வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பாய்க்கு நடக்கவில்லை. ஜமேதார் கேட்டால், டிரெய்னர் கேட்டால், என்ன சொல்வது என்று நீங்கள் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரையில் நிற்கிறவர்கள். ஆனால் ஏறப்போகிறவன் கேட்டால் யோசிக்காதீர்கள். அவன் கால் உங்கள் கையில் இருக்கும்போது கேட்பான். அதற்குப் பிறகு கேட்க அவனுக்கு நேரம் இருக்காது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு இது ரொம்பக் குறைச்சல்.

அந்த வருஷமே லாயத்தை விட்டுவிட்டேன். இப்போது திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களின் பைக்குகளுக்கு கேட் திறக்கிற வேலை. குதிரை என்று ஒன்றை நான் பார்த்தே ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

போன தை மாதம் எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். விளக்கு வைக்கிற நேரம். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜரிகைத் துணி போர்த்திய ஒரு வெள்ளைக் குதிரை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் குதிரைகள் வயதானால் வெளுத்துவிடும். இடது காதின் நுனி கிழிந்திருந்தது.

விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கடிவாளம் உரசி வாயோரம் புண். சரவெடி வெடித்தபோது கண்ணை மூடி மூடித் திறந்தது, நகரவில்லை. நகர்ந்து பயனில்லை என்று அதற்கு எப்போதோ புரிந்திருக்கும். நான் "பாதுஷா" என்றேன். காதுகூடத் திரும்பவில்லை. நான் அதன் ஆள் இல்லையே, பக்கத்துப் பாக்ஸ்காரன்தானே.

என்னை அறியாமல் குனிந்துவிட்டேன்.

"யோவ் செக்யூரிட்டி, இன்னாத்துக்கு அத்த தொட்ற? ஒதைக்கப் போவுது!" என்று கயிற்றைப் பிடித்திருந்தவன் கத்தினான்.

"காலை மட்டும் பாத்துக்கறேம்பா."

வலது முன்னங்காலில் புறங்கையை ஓட்டினேன். முழங்காலிலிருந்து கீழே, குளம்பு வரை. நரம்பு தடித்துக் கெட்டியாக ஆறியிருந்தது. அப்புறம் இடது கால். இரண்டும் ஜில்லென்று இருந்தன. நான் நிமிர்ந்ததும் பழக்கத்தில் கையைப் பேண்டுக்குக் கொண்டுபோனேன். துடைப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. முடி காய்ந்திருந்தது.